படை லாரியின் கேபினில் வயர்லெஸ், இன்டர்காம் பொருத்துதல்

படை லாரியின் கேபினில் வயர்லெஸ் செட்டையும் இன்டர்காமையும் நிலையாகப் பொருத்தி, வண்டியின் பேட்டரியிலிருந்தே இயக்கி, ஓட்டுநரும் பக்கத்து இருக்கையில் அமர்பவரும் கையாளும்படி அமைக்கும் தொழில்நுட்ப வேலை இது. செட், அதைத் தாங்கும் சட்டம், மின்வழி, எர்த், ஏரியல், பேசும் கருவி ஆகிய ஆறும் ஒன்றாக இயங்கினால்தான் பொருத்துகை முழுமை பெறும். காவல்துறை, வனத்துறை, தீயணைப்புத்துறை வண்டிகளிலும் இதே முறைதான் பின்பற்றப்படுகிறது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் ஓடும் துறை வாகனங்களுக்கும் இதே விதிகள் பொருந்தும். செட்டின் விலையையும் வாட்டையும் வைத்தே தொடர்பின் தரத்தை மதிப்பிடும் வழக்கம் உண்டு. ஆனால் இத்துறையின் வரலாறும் இயற்பியலும் வேறொன்றைக் காட்டுகின்றன: தரத்தைத் தீர்மானிப்பது பொருத்துகைதான்.

தோற்றமும் வளர்ச்சியும்

இந்திய இராணுவத்தின் சிக்னல் படை 1911 பிப்ரவரி 15 அன்று தனிப் பிரிவாக உருவானது. அதற்கு முன் தகவல் தொடர்பு வேலையைச் சாப்பர்ஸ் எனப்படும் பொறியாளர் படையினரே பார்த்துவந்தனர். முதல் உலகப்போர்க் காலத்துத் தீப்பொறி வயர்லெஸ் கருவிகள் கோவேறு கழுதையின் முதுகிலும் வண்டியிலும் ஏற்றிச் செல்லப்பட்டன. செய்தி அனுப்ப வேண்டுமானால் வண்டியை நிறுத்தி, கம்பம் நட்டு, கம்பி கட்ட வேண்டும். வண்டியில் ஏறிய கருவிதானே தவிர, அது வண்டியின் உறுப்பாகவில்லை. ஓடும்போதே பேச வேண்டும் என்ற தேவையைக் கவச வாகனங்கள் கொண்டுவந்தன. அந்தத் தேவை வந்த பிறகே அதிர்வு, இரைச்சல், மின்சாரம், இடநெருக்கடி ஆகிய நான்கு சிக்கல்களும் ஒருசேரப் பொறியாளர்கள் முன் வந்து நின்றன.

இந்த நான்குக்கும் ஒரே கருவியில் விடை சொன்னது, இரண்டாம் உலகப்போரின் ஈடிணையற்ற வாகன செட்டான 19ஆம் எண் வயர்லெஸ் செட். பிரிட்டனின் பை நிறுவனம் வடிவமைத்த இதை இந்தியப் படைகளும் பயன்படுத்தின. ஒரே பெட்டிக்குள் மூன்று வேலைகள் நடந்தன. 2 முதல் 8 மெகாஹெர்ட்ஸ் வரை இயங்கும் 'ஏ' செட் தொலைவிலுள்ள தலைமையகத்துடன் பேசியது. சுமார் 235 மெகாஹெர்ட்ஸில் இயங்கிய 'பி' செட், ஒரு மைல் அளவிலான தூரத்தில் அக்கம்பக்கத்து வாகனங்களுடன் பேசியது. மூன்றாவதான இன்டர்காம், வண்டிக்குள் இருப்பவர்களை ஒருவரோடொருவர் பேச வைத்தது. ஒவ்வொருவர் அருகிலும் ஒரு சிறு கட்டுப்பாட்டுப் பெட்டி. அதிலுள்ள சுவிட்சைத் திருப்பி எந்த வழியில் பேசுவது என்று தேர்ந்துகொள்ளலாம். பேட்டரியின் 12 வோல்ட்டைச் சுழலும் மாற்றி ஒன்று வால்வுகளுக்குத் தேவையான பல நூறு வோல்ட்டாக உயர்த்தியது. கனடாவில் தயாரான செட்டுகள் சோவியத் படைக்கும் சென்றதால், அவற்றின் முகப்பில் ஆங்கிலத்தோடு ரஷ்ய எழுத்துகளும் இருந்தன. வயர்லெஸையும் இன்டர்காமையும் இரு தனிக் கருவிகளாகக் கருதாமல் ஒரே அமைப்பாகக் கருதிய இந்த வடிவமே இன்றைய வாகனத் தொடர்பு அமைப்புகளுக்கும் முன்மாதிரி.

அதே போரில் அமெரிக்கர்கள் வேறொரு பாதையை எடுத்தனர். எட்வின் ஆம்ஸ்ட்ராங் 1933இல் காப்புரிமை பெற்ற பண்பலை முறையைத் தங்கள் டாங்குகளுக்கான எஸ்சிஆர்-508 செட்டில் புகுத்தினர். பெட்ரோல் எஞ்சினின் ஸ்பார்க் பிளக் ஒவ்வொரு முறை பொறிவிடும்போதும் 19ஆம் எண் செட் போன்ற வீச்சுப் பண்பேற்ற செட்டுகளில் கரகரப்பு கேட்கும். பண்பலையில் அது பெரிதும் அடங்கிவிடும். வாகனத்தில் குறுந்தொலைவுப் பேச்சுக்குப் பண்பலையே சரியான வழி என்பது அத்துடன் உறுதியானது.

சுதந்திரத்துக்குப் பின் வண்டியும் செட்டும் உள்நாட்டில் தயாராகத் தொடங்கின. பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1954இல் பெங்களூரில் தொடங்கப்பட்டது. பின்னாளில் சென்னை நந்தம்பாக்கத்திலும் அதன் பிரிவு அமைந்தது. ஜெர்மனியின் மான் நிறுவனத்து உரிமத்தில் ஜபல்பூரில் உருவான சக்திமான் லாரி பல பத்தாண்டுகள் படையின் முதுகெலும்பாக இருந்தது. அடுத்து வந்த ஸ்டாலியன், எண்ணூரில் பிறந்த அசோக் லேலண்டின் வடிவம். ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965இல் விஜயந்தா டாங்கு வெளிவந்தது. டாங்கின் இன்டர்காம் அனுபவம் லாரிகளுக்கும் உதவியது. பின்கூட்டில் அமர்ந்திருக்கும் சிக்னல் இயக்குநரும் முன்னால் இருக்கும் ஓட்டுநரும் வண்டியை நிறுத்தாமல் பேசிக்கொள்ள அதுவே வழி.

வகைப்பாடு

வாகன செட்டுகளை அலைவரிசையை வைத்துப் பிரிப்பதே பயனுள்ளது. ஏரியலின் நீளமும் அதை வைக்கும் இடமும் அதைப் பொறுத்தே அமைகின்றன. ஏரியல் அலைநீளத்தில் கால் பங்கு இருப்பது நல்லது. 4 மெகாஹெர்ட்ஸில் அது கிட்டத்தட்ட 19 மீட்டர். எந்த லாரியிலும் நிறுத்த முடியாது. எனவே குட்டையான கம்பியை வைத்து, சுருள் ஒன்றால் இசைவிக்கிறார்கள். படைகள் களத்தில் பயன்படுத்தும் 30 முதல் 88 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் கால் அலை 2.5 மீட்டரிலிருந்து 85 சென்டிமீட்டர் வரை வரும். லாரிகளில் வளைந்து ஆடும் நீண்ட சாட்டை ஏரியல் இதற்கானது. காவல்துறையும் வனத்துறையும் பயன்படுத்தும் 150 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய வரிசையில் அரை மீட்டர் கம்பி போதும். அதைக் கூரையின் நடுவிலேயே நிறுத்திவிடலாம்.

பொருத்தும் முறை

செட்டைப் பக்கத்து இருக்கைக்காரரின் கைக்கு எட்டும் இடத்தில், ஓட்டுநரின் பார்வையையும் முழங்காலையும் தடுக்காமல், எஞ்சின் சூடு தாக்காதபடி வைக்க வேண்டும். தாங்கும் சட்டத்தை டேஷ்போர்டின் மெல்லிய தகட்டில் திருகாமல், பின்னாலுள்ள கட்டுமானத்தில் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். சட்டத்துக்கும் செட்டுக்கும் நடுவே ரப்பர் புஷ் வர வேண்டும். குண்டும் குழியுமான பாதையின் குலுக்கல், தூசி, வெப்பம், மழை ஆகியவற்றைத் தாங்குகிறதா என்று சோதிக்க இந்திய முப்படைகளுக்கும் பொதுவான ஜேஎஸ்எஸ் 55555 என்னும் தரநிர்ணயம் உண்டு. ஆனால் செட் சோதனையில் தேறியிருந்தாலும், தளர்ந்த சட்டத்தில் உட்கார்ந்தால் அந்தத் தேர்ச்சிக்குப் பயனில்லை.

மின்வழியில்தான் தவறுகள் மிகுதி. லாரியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைந்து 24 வோல்ட் தருகின்றன. 12 வோல்ட் செட்டை அதில் இணைக்க, கன்வெர்ட்டர் வைக்காமல் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் கம்பி இழுத்துவிடுவது எளிதாகத் தோன்றும். அந்த ஒன்று நாளடைவில் இறங்கிக்கொண்டே போகும், மற்றது அளவுமீறிச் சார்ஜாகும், இரண்டும் கெடும். கன்வெர்ட்டர் வைத்து, பேட்டரியை ஒட்டியே பியூஸ் போட்டு, தடித்த தனிக்கம்பியை நேராக இழுப்பதே முறை. வழியில் 0.1 ஓம் தடை இருந்தாலே, 10 ஆம்பியர் ஓடும்போது ஒரு வோல்ட் காணாமல் போகும். எர்த்தும் அப்படித்தான். ஏரியலின் அடித்தட்டு உட்காரும் இடத்தில் பெயின்ட்டைப் பளபளக்கும் இரும்பு தெரியும்வரை சுரண்டி, பல்லுள்ள வாஷர் வைத்து இறுக்கி, துருப்பிடிக்காமல் மேலே கிரீஸ் தடவ வேண்டும். ஏரியலின் மறுபாதியாக வேலை செய்வது அந்தக் கூரைத் தகடுதான். நடுவில் ஒரு பூச்சு பெயின்ட் இருந்தாலும் தொடர்பு குறையும். பேசும் அலை எதிர்பார்த்த தூரம் போகவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுவே.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரம்

இந்த வட்டாரம் பொருத்துகையின் குறைகளை உடனே வெளிக்காட்டிவிடும். கிழக்கே தட்டையான கரிசல் நிலம். மேற்கே செங்குத்தாக எழும் மலை. 1988இல் சாம்பல் நிற அணில் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்க் காடு, 2021இல் மேகமலையுடன் சேர்ந்து புலிகள் காப்பகமானது. செண்பகத்தோப்பு, ராஜபாளையம் அய்யனார் கோயில், தாணிப்பாறை போன்ற பள்ளத்தாக்கு முகப்புகளில் வண்டி நுழைந்ததும், சுற்றியுள்ள மலை விளிம்புகள் அலையை மறைத்துவிடும். தரையிலிருந்து 2.5 மீட்டர் உயரத்திலுள்ள ஏரியலுக்குச் சமவெளியில் வானொலி அடிவானம் சுமார் 6.5 கிலோமீட்டர், 400 மீட்டர் உயரத்தில் நின்று அலையை வாங்கி மறுபடி அனுப்பும் ரிப்பீட்டருக்கோ சுமார் 82 கிலோமீட்டர். ஆகவே இங்கே வண்டியின் முதல் வேலை, உயரத்தில் இருக்கும் ரிப்பீட்டரைத் தெளிவாக எட்டுவதுதான். மழை பெய்தால் சதுரகிரி மலைக்கோயில் பாதையிலுள்ள ஓடைகளில் திடீர் வெள்ளம் வரும். 2015 மே மாதம் அப்படி வந்த வெள்ளத்தில் பக்தர்கள் உயிரிழந்தனர். மேலே பெய்யும் மழையைக் கீழே அடிவாரத்துக்குச் சில நிமிடங்களில் சொல்லியாக வேண்டிய இடம் இது.

அதிக வாட் கொண்ட செட் வாங்கினால் போதாதா என்று கேட்கப்படுவதுண்டு. தடையற்ற வெளியிலேயே தூரத்தை இரட்டிப்பாக்க நான்கு மடங்கு திறன் வேண்டும். மலை குறுக்கே நின்றால் அந்தத் திறனும் பெரிதாக உதவாது. அதே செட்டின் ஏரியலை பம்பரிலிருந்து கூரைக்கு மாற்றுவது செலவில்லாமல் அதைவிட அதிகம் தரும். வாக்கி-டாக்கியே போதும் என்பது இன்னொரு வாதம். காட்டில் நடந்து செல்வோருக்கு அது இன்றியமையாதது. ஆனால் சுமார் 5 வாட் தரும் கைக்கருவி இரும்புக் கேபினுக்குள் அடைபட்டால் அதன் அலையில் பெரும்பகுதி அங்கேயே முடங்கும். 25 வாட் செட், கூரைமேல் ஏரியல் என்ற அமைப்புக்கு அது ஈடாகாது. செல்போன் வந்துவிட்டதே என்பாருக்கும் விடை உண்டு: பள்ளத்தாக்குகள் பலவற்றில் கோபுரத்தின் அலை எட்டாது, ஒருவர் சொல்வதை எல்லா வண்டிகளும் ஒரே நேரத்தில் கேட்கும் வசதியும் சாதாரண அழைப்பில் இல்லை. காவலர்கள் 'மைக்' என்றழைக்கும் வண்டி வயர்லெஸ் இன்றும் நீடிக்கக் காரணம் இதுவே.

தற்போது படை லாரிகளில் அலைவரிசை தாவும் டிஜிட்டல் செட்டுகளும், வயர்லெஸுடன் இணைந்த டிஜிட்டல் இன்டர்காமும் பயன்பாட்டில் உள்ளன. இவற்றுக்கும் தாங்கும் சட்டம், தனி மின்வழி, சுரண்டிய எர்த், கூரைமேல் ஏரியல் ஆகிய நான்கும் தேவை. புதிய செட்டுக்குப் பணம் ஒதுக்கும் எந்தத் துறையும் அதைப் பொருத்தும் வேலைக்கும் ஆண்டுதோறும் சரிபார்க்கும் வேலைக்கும் சேர்த்தே ஒதுக்க வேண்டும்.