பெயர் போடாத படங்கள்

நம் சினிமா வரலாறு டைட்டிலை நம்பி எழுதப்படுகிற வரலாறு. விளம்பரப் படத்துக்கோ டைட்டில் கிடையாது. சரக்குக்கு மட்டும்தான் பெயர். ஆகவேதான் ராஜீவ் மேனனைப் பற்றிப் பேசுகிறவர்கள் ‘பம்பாய்’ (1995) ஒளிப்பதிவிலோ ‘மின்சார கனவு’ (1997) இயக்கத்திலோ தொடங்கிவிடுகிறார்கள். அதற்கு முந்தைய விளம்பரப்பட ஆண்டுகள் ‘பயிற்சிக் காலம்’ என்று ஒரே வரியில் முடிந்துபோகின்றன. அது பயிற்சி அல்ல, ஒரு பார்வை உருவான காலம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சென்னைத் தொலைக்காட்சி 1975இல் வந்தது. 1976இல் தூர்தர்ஷன் விளம்பரங்களை ஏற்கத் தொடங்கியது. திண்டுக்கல் சமவெளிக்கு அந்தப் படங்கள் கொடைக்கானல் மலைக் கோபுரத்திலிருந்து இறங்கின. அதுவரை நம்ம ஊர்க்காரர்கள் பார்த்த விளம்பரம் தியேட்டர் ஸ்லைடுதான். ஸ்லைடில் முகவரி இருக்கும்: எந்தக் கடை, எந்தத் தெரு, எதற்கு எதிரில். தொலைக்காட்சி விளம்பரத்தில் ஊரே இல்லை. ஜன்னல் வழியாக வெளிச்சம் விழுகிற ஒரு சமையலறை. அது எந்த ஊர், என்ன சாதி, யார் வீட்டு வாடகை என்று கேட்க முடியாது. முப்பது வினாடிக்குள் ஆசையை உண்டாக்க வெளிச்சமும் ஒரு மெட்டும் போதும். அடையாறு திரைப்படக் கல்லூரியில் படித்த மேனன் அந்த வெளிச்சத்தில் தேர்ந்தவர். ‘ரோஜா’வுக்கு (1992) முன்பே அவருடைய விளம்பரங்களுக்கு மெட்டுப் போட்டவர் ஏ.ஆர். ரஹ்மான். தொண்ணூறுகளின் தமிழ் சினிமா ‘புதுசு’ என்று கொண்டாடப்பட்டதில் இந்தக் கூட்டுக்குப் பெரும் பங்குண்டு.

இந்தப் பார்வை சட்டகத்துக்கு வெளியே தள்ளியது எதை? பொருளைச் செய்த கையை. திண்டுக்கல் பூட்டு விளம்பரப் படத்தால் பேர் வாங்கியதல்ல. அரம் பிடித்த கைகளால் வாங்கியது. அலிகார் இயந்திரப் பூட்டு மலிவாக வந்ததும் அந்தக் கைகள் ஓய்ந்தன. 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது பட்டறைகள் சிலவே மிஞ்சியிருந்தன.

அதே 2019இல் மேனனின் ‘சர்வம் தாளமயம்’ வெளிவந்தது. மிருதங்கம் செய்கிற தலித் கிறிஸ்தவரின் மகன், அதை வாசிக்க ஆசைப்படுகிறான். விளம்பரம் மறைத்த கையைச் சட்டகத்துக்குள் கொண்டுவந்தவர் விளம்பரக்காரரே என்பதைக் குறைத்துச் சொல்லக்கூடாது. ஆனால் அவனுடைய விடுதலை எங்கே நடக்கிறது? தொலைக்காட்சிப் போட்டி மேடையில். சாதியின் கணக்கு ஒருவனுடைய வெற்றியில் தீர்ந்துவிடுகிறது. தோலைப் பதப்படுத்துகிற மற்றவர்கள் இருந்த இடத்திலேயே இருக்கிறார்கள்.

இதன் பக்கத்தில் டி. செல்வராஜின் ‘தோல்’ நாவலை (2010) வைத்துப் பாருங்கள். திண்டுக்கல் தோல் ஷாப்புகளின் சுண்ணாம்புக் குழிகளிலிருந்து எழுகிறவர்கள் அதில் சங்கமாக எழுகிறார்கள். திறமைசாலி ஒருவன் மட்டும் தப்பிக்கிற கதை அல்ல அது. முப்பது வினாடிப் பார்வைக்கு ஒருவன் முகத்தில் வெளிச்சம் பாய்ச்சத் தெரியும். ஒரு சங்கத்தைக் காட்ட அது இன்னும் கற்கவில்லை.