தங்கவயலும் மருத்துவக் காப்பும்

கோலார் தங்கவயலிலே, தமிழர் பலர் குடியேறி உழைத்த சாம்பியன் ரீப்ஸ் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேலான ஆழம் உடையது. தங்கவயலில் பாறை துளைத்தவர்களின் நெஞ்சிலே கல் தூசி படிந்து, ‘சிலிகோசிஸ்’ என்னும் நோயாயிற்று. 1940 முதல் 1946 வரை 7,653 தொழிலாளரைச் சோதித்தபோது, பத்துப் பேரில் நால்வருக்கு மேல் அந்நோய் காணப்பட்டது.

ஈ.எஸ்.ஐ. என வழங்கும் 1948ஆம் ஆண்டின் தொழிலாளர் இன்ஷூரன்ஸ் சட்டம் சுரங்கங்களைத் தன் எல்லைக்குள் கொள்ளவில்லை. 1954இல் தில்லியில் தொடங்கிய மத்திய அரசு சுகாதாரத் திட்டமோ, சந்தா செலுத்தும் அரசு ஊழியருக்கு உரியது. தங்கவயலாருக்குச் சாம்பியன் ரீப்ஸில் இருந்த சுரங்க மருத்துவமனையே துணை. 1956இல் மைசூர் அரசும், 1962இல் மத்திய அரசும் சுரங்கங்களை ஏற்ற பின்னரும் அதுவே நிலை. 2001இல் சுரங்கங்கள் மூடப்பட்டன, மருத்துவமனையும் ஓய்ந்தது. நோயாளிகளோ இருந்தனர். 20 ஆண்டுகள் சென்று, 2021ஆம் ஆண்டின் கொள்ளைநோய்க் காலத்திலேதான் தொண்டர்கள் அக்கட்டிடத்தைத் துப்புரவு செய்து மீண்டும் பயன்படச் செய்தனர்.

ஆண்டுதோறும் காப்பீட்டுப் படிவத்தில் கையொப்பமிடும் நாம், சந்தா எவ்வளவு ஏறிற்று என்று பார்ப்பதோடு நில்லாது, பணி முடிந்த பின்னும் அக்காப்பு நம்மைத் தொடருமா என்பதையும் கேட்டறிதல் வேண்டும். தங்கவயல் நமக்குக் கற்பிக்கும் பாடம் அதுவே.