கல்பனா சாவ்லா

இந்தியாவில் பிறந்து விண்வெளிக்குப் போன முதல் பெண், விமானப் பொறியாளர். ஹரியானாவின் கர்னாலில் 1962 மார்ச் 17 அன்று பிறந்தார். பள்ளி இறுதித் தேர்வுக்கு வயது போதாததால் சான்றிதழில் அது 1961 ஜூலை 1 ஆனது. நாசா குறிப்புகளிலும் அந்தத் தேதியே நிலைத்துவிட்டது.

சண்டிகர் பஞ்சாப் பொறியியல் கல்லூரியில் 1982இல் பட்டம் பெற்றார். பொறியியல் படிக்கப் போகும் மாணவிகளைப் பார்த்துப் பழகிய நமக்கு, அன்று விமானப் பொறியியல் வகுப்பில் ஒரு பெண் உட்கார்ந்தது எவ்வளவு அபூர்வம் என்பது சட்டென்று உறைக்காது. அமெரிக்கா சென்று 1988இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் முனைவரானார். பிறகு நாசாவின் ஏம்ஸ் மையம். செங்குத்தாக எழும் விமானம் தரையை ஒட்டி மிதக்கையில் அதைச் சுற்றிக் காற்று எப்படிப் புரள்கிறது என்பதைக் கணினியில் கணக்கிடுவது அவர் வேலை. 1994 டிசம்பரில் விண்வெளி வீரராகத் தேர்வானார்.

முதல் பயணம், 1997 நவம்பரில் கொலம்பியா விண்ணோடத்தில். இயந்திரக் கையால் அவர் வெளியே விட்ட ஸ்பார்ட்டன் செயற்கைக்கோள், திரும்பவேண்டிய விதத்தில் திரும்பவில்லை. மறுபடி பிடிக்கப்போனபோது அது சுழலத் தொடங்கியது. சுமார் 1,360 கிலோ எடையுள்ள அதை, சக வீரர்கள் வின்ஸ்டன் ஸ்காட்டும் தக்காவோ தோயும் விண்ணில் நடந்து போய்க் கையாலேயே பிடித்துக் கொண்டுவந்தார்கள். பழி கல்பனாவின் தலையில் விழப் பார்த்தது. ஐந்து மாத விசாரணையில், மென்பொருள் இணைப்பிலும் வகுத்துத் தந்த செயல்முறைகளிலும்தான் பிழை என்று தெரிந்து, நாசா அவரை முழுமையாக விடுவித்தது. அவரை மறுபடியும் விண்ணுக்குத் தேர்ந்தெடுத்ததைத்தான் இந்த வாழ்வின் பெரிய வெற்றியாகச் சொல்லவேண்டும்.

அந்த இரண்டாம் பயணம் பலமுறை தள்ளிப்போய் 2003 ஜனவரி 16 அன்று தொடங்கியது. புறப்பட்ட 82ஆம் நொடியில் எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைக்காப்புத் துண்டு இடது இறக்கையின் முன்விளிம்பில் மோதி ஓட்டையிட்டது. பிப்ரவரி 1, தரையிறங்க 16 நிமிடம் இருக்கையில், அந்த ஓட்டை வழியே கொதிக்கும் காற்று உள்ளே புகுந்து இறக்கையைச் சிதைத்தது. காற்றின் போக்கையே கணக்கிட்டு வாழ்ந்தவர் உட்பட விண்ணோடத்தில் இருந்த எழுவரும் டெக்சாஸ் வானில் மாண்டனர். விண்வெளியில் அவர் இருந்தது மொத்தம் 31 நாள், 14 மணி, 54 நிமிடம்.

துணிவும் சாகசமும் காட்டும் பெண்களுக்குத் தமிழக அரசு ஆண்டுதோறும் சுதந்திர தினத்தன்று அவர் பெயரில் விருது தருகிறது. பழவேற்காடு ஏரியை ஒட்டிய ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2002 செப்டம்பர் 12இல் ஏவிய மெட்சாட் வானிலைச் செயற்கைக்கோளுக்கு, அவர் இறந்த நான்காம் நாள் ‘கல்பனா-1’ எனப் பெயரிட்டார்கள். 2017 வரை அது நம் மேகங்களைப் படமெடுத்து அனுப்பிக்கொண்டிருந்தது.