துரைசானி கையில் துப்பாக்கி

போன வாரம் ‘தி பிளாண்டர்ஸ் வைஃப்’ பார்த்தேன். கென் அன்னகின் இயக்கி 1952-இல் வந்த பிரிட்டிஷ் படம். அவசரகால மலாயாவில் ஒரு ரப்பர் தோட்டம். துரையாக ஜாக் ஹாக்கின்ஸ், துரைசானியாக கிளாடெட் கோல்பெர்ட். பிரிந்துபோக நினைத்தவளைக் கம்யூனிஸ்டுகளின் முற்றுகை புருஷனோடு சேர்த்து வைக்கிறது. அவ்வளவுதான் கதை.

ஹாக்கின்ஸைக் குறை சொல்ல முடியாது. சரியாகத் தூங்காத மனுசனோட களைப்பு அவர் தோளிலேயே தெரிகிறது. கோல்பெர்ட்தான் ஹாலிவுட்டை விட்டு இறங்கவே இல்லை. இருந்தும், அந்த வீடு தப்பிக்கணுமேன்னு நானும் பதறினேன். பால்மரம் வெட்டிய பாட்டியின் பேரன்!

அதுதான் உறுத்துகிறது. உலகம் சுற்றி ஆடிய பரதக் கலைஞர் ராம் கோபால்கூட இதில் நாயர் என்ற துணைப் பாத்திரம்தான். தோட்டத்து ஜனங்களுக்கு என்ன கோபம், என்ன கூலி என்று படம் கேட்பதாக இல்லை.

1949 மே மாதம், தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதியைப் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். குற்றம், துப்பாக்கி வைத்திருந்தது. மூன்று வருஷம் கழித்து வந்த இந்தப் படத்தில் துரைசானியும் துப்பாக்கி எடுக்கிறாள். நாம் கைதட்ட வேண்டிய இடம் அது.