தனி டம்ளரும் சென்னை ஆராய்ச்சியும்

1979ஆம் வருசம் எங்க அய்யாவுக்குக் காசம் என்று தெரிந்த அன்றைக்கே எங்க வீட்டில் ஒரு அலுமினிய டம்ளர் தனியாக எடுத்து வைக்கப்பட்டது. தட்டு ஒன்று, டம்ளர் ஒன்று, திண்ணையில் பாய் ஒன்று. சுத்துப்பட்டு ஊர் டீக்கடைகளில் நம்ம சனத்துக்கென்று ஏற்கனவே ஒரு டம்ளர் இருந்தது. கடைக்கு வெளியே தட்டியில் செருகியிருக்கும். குடித்துவிட்டு நாமே கழுவி நாமே செருகிவிட்டு வர வேண்டும். வெளியே சாதிக்கு ஒரு டம்ளர், வீட்டுக்குள்ளே நோய்க்கு ஒரு டம்ளர் என்று ரெண்டு டம்ளருக்கு நடுவில் அய்யா பதினெட்டு மாசம் இருந்தார்.

இந்தக் கட்டுரை அய்யாவைப் பற்றியது மட்டுமல்ல. நோயாளியை ஒதுக்கி வைத்தால்தான் மற்றவர்கள் பிழைப்பார்கள் என்ற நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்து, அப்படி ஒன்றும் இல்லை என்று உலகத்துக்குச் சொன்ன ஆராய்ச்சி ஒன்று உண்டு. அது லண்டனிலோ நியூயார்க்கிலோ நடக்கவில்லை. நம்ம சென்னையில், சேத்துப்பட்டில் நடந்தது. அதன் முடிவு அச்சேறியது 1959இல். திருத்தங்கலில் எங்க வீட்டுத் திண்ணையில் பாய் விரிக்கப்பட்டது அதற்கு இருபது வருசம் கழித்து. இருபது வருசத்தில் அந்தச் செய்தி சேத்துப்பட்டிலிருந்து எங்க தெருவுக்கு வந்து சேரவில்லை. ஏன் சேரவில்லை என்பதுதான் விசயம்.

முதலில் நோயைக் கண்டுபிடித்த கதை. அய்யா பயர் ஆபீசில் மருந்து செலுத்துற வேலை பார்த்தார். எங்க பக்கம் தொழிற்சாலையை யாரும் தொழிற்சாலை என்று சொல்வதில்லை. தீப்பெட்டி ஆபீஸ், பயர் ஆபீஸ் என்பதுதான் பேச்சு. மருந்து என்றாலும் முதல் அர்த்தம் வெடிமருந்துதான். கந்தகம், வெடியுப்பு, அலுமினியப் பொடி எல்லாம் மூக்கிலும் தொண்டையிலும் படியும். சாயங்காலம் துப்பினால் எச்சிலே சாம்பல் நிறத்தில் வரும். அதனால் இருமலை யாரும் நோயாக நினைப்பதில்லை. பக்கத்து டவுனில் ஒரு தனியார் டாக்டரிடம் அய்யா ஆறு மாசம் போனார். பெயர் வேண்டாம், அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா சொல்வது இது:

"போன ஒடனே கம்பவுண்டர், 'ஏ, அந்தப் பக்கம் தள்ளி நில்லு'ம்பான். டாக்டரு நெஞ்சுல குழாய வச்சுப் பாத்ததே கெடையாது. எட்ட இருந்தே, 'மருந்து வேல பாக்குறவனுக்கு இருமல் வராம என்ன செய்யும்'னு சொல்லிட்டு ஒரு ஊசி, ஒரு டானிக்கு. அதுக்கே அந்த வாரக் கூலி போயிரும். ரத்தமாத் துப்புனப் பெறகுதான் எல்லாரும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னாங்க."

பெரிய ஆஸ்பத்திரியில் செய்தது ரொம்பச் சின்ன விசயம். காலையில் எழுந்ததும் வரும் சளியை ஒரு டப்பியில் வாங்கிக் கண்ணாடித் துண்டில் தேய்த்து, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். நீலப் பின்னணியில் சிவப்புக் குச்சிகளாகக் கிருமி தெரியும். ராபர்ட் கோக் என்ற ஜெர்மானியர் அந்தக் கிருமியை 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் அறிவித்தார். சாயம் ஏற்றும் முறை அடுத்த ஓரிரு வருசத்திலேயே வந்துவிட்டது. நூறு வருசத்துப் பழைய, காலணாச் செலவுள்ள இந்தச் சோதனையை ஆறு மாசமாக ஒரு மனுசனுக்குச் செய்யாமல் இருக்க முடிந்திருக்கிறது. அவனைத் தொட வேண்டியிருக்குமே என்பது தவிர வேறு காரணம் எனக்குப் படவில்லை. தொட வேண்டியதுகூட இல்லை, சளியை டப்பியில்தான் வாங்குவார்கள்.

கிருமியைக் கண்டுபிடித்து அறுபது வருசத்துக்கு மேல் அதைக் கொல்ல மருந்து கிடையாது. அதனால் வந்ததுதான் சானடோரியம். மலைக்காற்று, மரநிழல், பால், முட்டை, ஓய்வு. தாம்பரத்தில் டாக்டர் சவரி முத்து 1928இல் ஆரம்பித்த சானடோரியத்தை 1937இல் சென்னை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அந்த ரயில் நிலையத்துக்கே இன்றும் சானடோரியம் என்றுதான் பெயர். அது தர்மசிந்தனையில் பிறந்த இடம்தான், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு வருசம், ரெண்டு வருசம் கட்டிலில் படுத்துக் கிடந்தால் வீட்டில் அடுப்பு எரிய யார் கூலி கொண்டுவருவது? நாட்டில் நோயாளிகள் பத்து லட்சக் கணக்கில், கட்டில்கள் ஆயிரக் கணக்கில். அந்தக் கட்டில்கள் யாருக்குப் போயிருக்கும் என்பதை இந்த இதழின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

1940களில் ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது. பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் அதைச் சோதித்த விதம் முக்கியமானது. யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் படுக்கை ஓய்வு என்பதை டாக்டர் தீர்மானிக்கவில்லை. மூடிய உறைக்குள் இருந்த சீட்டு தீர்மானித்தது. டாக்டருக்கு வேண்டியவன், பணக்காரன், பிழைக்கிற மாதிரித் தெரிகிறவன் என்று ஆள் பார்த்துக் கொடுக்க வழியில்லாமல் போயிற்று. அதனால்தான் 1948இல் வந்த அந்த முடிவை உலகம் நம்பியது. ஆள் பார்த்துக் கொடுக்காத குலுக்கல் முறை மருத்துவத்தில் வேரூன்றியது இந்த நோயை வைத்துத்தான் என்பது எனக்கு எப்போதும் ஒரு ஆறுதல். பிறகு பி.ஏ.எஸ்., 1952இல் ஐசோனியாசிட். ஐசோனியாசிட் மாத்திரை, விலை மலிவு. இப்போது ஒரு கேள்வி எழுந்தது. மாத்திரைதான் கிருமியைக் கொல்கிறது என்றால் கட்டில் எதற்கு?

இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு 1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் ஆரம்பிக்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை அரசாங்கம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நாலும் சேர்ந்து நடத்தின. அப்போது முதலமைச்சர் நம்ம விருதுநகர்க்காரர் காமராசர். மையத்தை வழிநடத்த வந்தவர் வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் டாக்டர். அவரோடு வேலை செய்தவர்களில் தேவதத்தா, சி.வி. ராமகிருஷ்ணன், புள்ளியியல் பார்த்த எஸ். ராதாகிருஷ்ணா போன்றவர்கள் உண்டு.

நோயாளிகள் 193 பேர், சென்னையின் நெரிசலான ஏழைப் பகுதிகளில் இருந்தவர்கள். சளியில் கிருமி உள்ளவர்கள், முன்பு சிகிச்சை எடுக்காதவர்கள். சீட்டு விழுந்தபடி பாதிப் பேர் சானடோரியத்துக்கு, பாதிப் பேர் அவரவர் குடிசைக்கு. இரு தரப்புக்கும் அதே ஐசோனியாசிட், அதே பி.ஏ.எஸ்., ஒரு வருசம். சானடோரியத்தில் கட்டில், ஓய்வு, காற்று, நல்ல சாப்பாடு. வீட்டில் ஒரே அறைக்குள் முழுக் குடும்பம், கஞ்சி, பலருக்கு வேலையும்கூட. பி.ஏ.எஸ். லேசுப்பட்ட மருந்தல்ல, வயிற்றைப் புரட்டும். வீட்டில் இருப்பவர்கள் ஒழுங்காக விழுங்குகிறார்களா என்று பார்க்கச் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போனார்கள். மிச்சமிருக்கும் மாத்திரையை எண்ணினார்கள். சிறுநீரைச் சோதித்தார்கள். இது வேவு பார்ப்பது போலத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்று, ஒரு படித்த ஆள் குடிசைக்குள் குனிந்து நுழைந்து, மாத்திரை சாப்பிட்டியா என்று கேட்டிருக்கிறார். எங்க தெருவுக்கு ஓட்டுக் கேட்க வந்தவர்களைத் தவிர அப்படி யாரும் குனிந்து நுழைந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

ஒரு வருசம் கழித்துப் பார்த்தபோது சானடோரியத்தில் 100க்கு 92 பேருக்கு நோய் அடங்கியிருந்தது. வீட்டில் 100க்கு 86 பேருக்கு. சானடோரியத்துக்காரர்கள் எடை கூடுதலாகப் போட்டிருந்தார்கள். கிருமி செத்த கணக்கில் பெரிய வித்தியாசம் இல்லை. ஐந்து வருசம் தொடர்ந்து பார்த்ததில் நோய் திரும்பி வந்த கணக்கிலும் வித்தியாசம் இல்லை. குடிசையில் வைத்துக் காசத்தைக் குணப்படுத்த முடியும் என்று நிரூபணமாயிற்று. பல நாடுகளில் சானடோரியங்கள் மெல்ல மூடப்பட்டதற்கு இந்த முடிவும் ஒரு காரணம்.

எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்த கணக்கு. வீட்டில் இருந்த நோயாளியின் பெண்டாட்டி, பிள்ளைகள், கூட இருந்தவர்கள் கதி என்ன? சானடோரியத்துக்குப் போனவரின் குடும்பத்தைவிட இவர்களுக்கு நோய் அதிகம் வந்திருக்க வேண்டுமல்லவா? குடும்பங்களையும் ஐந்து வருசம் தொடர்ந்து பரிசோதித்தார்கள். அதிகம் வரவில்லை. காரணம், தொற்று பெரும்பாலும் முன்னாடியே நடந்துவிடுகிறது. நோய் என்று தெரியாமல், மருந்து தொடங்காமல் இருமிக்கொண்டிருந்த மாசங்களில் நடந்துவிடுகிறது. சரியான மருந்து உள்ளே போக ஆரம்பித்தபின் பரவுகிற சக்தி சீக்கிரம் குறைந்துவிடுகிறது. அதன்பிறகு ஒதுக்கி வைப்பதால் குடும்பத்துக்குக் கூடுதல் பாதுகாப்பு எதுவும் கிடைக்கவில்லை.

இதை எங்க வீட்டுக் கணக்குக்கு மாற்றிப் பார்க்கிறேன். அய்யா டானிக் குடித்துக்கொண்டு எங்களோடு ஒரே பாயில் படுத்திருந்த அந்த ஆறு மாசம்தான் எங்களுக்கு ஆபத்து. அப்போது தனி டம்ளர் இல்லை. ஊசியும் மாத்திரையும் ஆரம்பித்த பிறகு, ஆபத்து இறங்கத் தொடங்கியபோது, டம்ளரைத் தனியாக்கினோம். தவிர, இது காற்றில் பரவும் நோய், டம்ளரில் அல்ல. அம்மாவிடம் இதைச் சொன்னபோது ரொம்ப நேரம் பேசவில்லை. "அப்ப அந்த மனுசன சும்மாதான் திண்ணையில போட்டமா" என்று மட்டும் கேட்டது.

சென்னை ஆராய்ச்சி சரி. அதை எடுத்துக்கொண்டு போனவர்கள் செய்தது வேறு. 1962இல் தேசியக் காசநோய்த் திட்டம் வந்தது. வீட்டிலேயே சிகிச்சை என்பதில் அரசாங்கத்துக்குப் பிடித்தது அதன் மலிவு. கட்டில் செலவு மிச்சம். குடிசைக்கு ஆள் போய் எண்ணிப் பார்த்த பகுதியைக் கைவிட்டார்கள். மாத்திரையைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டு, வராமல் போனால் ஏட்டில் 'சிகிச்சையைக் கைவிட்டவர்' என்று எழுதினார்கள். கைவிட்டது யார் என்று யாரும் கேட்கவில்லை. அய்யாவும் ரெண்டு முறை அந்தப் பட்டியலில் ஏறியவர்தான். கூலியை விட்டு, பஸ்ஸுக்குக் காசு கொடுத்துப் போன நாளில், மாத்திரை தீர்ந்துவிட்டது அடுத்த வாரம் வா என்று திருப்பி அனுப்பினார்கள். அடுத்த வாரம் தீபாவளி வேலை மும்முரம்.

ஏழைகளுக்கு அறியாமை, நோய் வந்தால் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டார்கள் என்று அன்றைக்கும் சொன்னார்கள், இன்றைக்கும் சொல்கிறார்கள். பெங்களூரில் 1959இல் தொடங்கிய தேசியக் காசநோய் நிறுவனத்தில் இருந்த டி. பானர்ஜியும் ஸ்டிக் ஆண்டர்சனும் தும்கூர் மாவட்டக் கிராமங்களில் விசாரித்து 1963இல் எழுதினார்கள். சளியில் கிருமி இருந்தவர்களில் அநேகமாக எல்லோருக்கும் தங்கள் உடம்பில் ஏதோ சரியில்லை என்று தெரிந்திருந்தது. பாதிப் பேர் வைத்தியம் தேடிப் போயும் இருந்தார்கள். போனவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் இருமல் மருந்து. அப்புறம் அறியாமை யாருடையது?

சென்னை மையம் அதன்பிறகும் சும்மா இருக்கவில்லை. வாரம் இரண்டு நாள் கண் முன்னால் மருந்து கொடுக்கும் முறையை அங்கேதான் சோதித்தார்கள். 1990களில் டாட்ஸ் என்று உலகமெல்லாம் பேசப்பட்ட 'கண் முன்னால் மருந்து' முறைக்கு வேர் அங்கே இருக்கிறது. செங்கல்பட்டு மாவட்டக் கிராமங்களில் 1968இல் தொடங்கிய பெரிய பி.சி.ஜி. தடுப்பூசிச் சோதனையிலும் மையத்துக்குப் பங்குண்டு. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட சனங்கள் கை நீட்டினார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசத்தை அந்த ஊசி தடுக்கவில்லை என்று 1979இல் தெரிந்தது. பாதகமான முடிவை மறைக்காமல் வெளியிட்டார்கள், அது பெரிய விசயம்.

ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். சென்னைச் சோதனையில் நல்ல சாப்பாடு இல்லாமலே நோய் அடங்கியது. இதைப் பிடித்துக்கொண்டு, மாத்திரை போதும், சோறு தேவையில்லை என்ற மாதிரி பல பத்தாண்டுகள் ஓட்டினார்கள். அந்த ஆராய்ச்சி கேட்டது மருந்து வேலை செய்ய நல்ல சாப்பாடு கட்டாயமா என்பதை. பசியால்தானே நோய் வருகிறது என்ற கேள்வியை அது கேட்கவில்லை. அதைக் கேட்க 2019 வரை ஆயிற்று. பழங்குடி மக்கள் நிறைந்த ஜார்க்கண்டில் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா குழு 2,800 நோயாளிகளின் குடும்பங்களைச் சோதனையில் சேர்த்தது. சீட்டு விழுந்தபடி ஒரு பாதிக் குடும்பங்களுக்குத் தலைக்கு மாசம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, சத்து மாத்திரை. 2023இல் முடிவு வந்தது. ரேசன் கிடைத்த குடும்பங்களில் புதிதாகக் காசம் வருவது 39 சதவீதம் குறைந்தது. தொற்றக்கூடிய நுரையீரல் காசம் 48 சதவீதம் குறைந்தது. அரிசியும் பருப்பும் செய்த வேலை இது. அதில் சேத்துப்பட்டு நிறுவனத்துக்கும் பங்கு உண்டு. 2011க்குப் பிறகு அதன் பெயர் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

தமிழ்நாட்டில் 2022இல் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' வந்தது. நோயாளியின் எடை, கால் வீக்கம், மூச்சு எண்ணிக்கை, பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா என்பதையெல்லாம் முதல் நாளே பார்த்து, மோசமாக மெலிந்தவரை உடனே ஆஸ்பத்திரியில் சேர்த்துச் சாப்பாடு போட்டுத் தேற்றுகிறார்கள். கட்டில் திரும்பி வந்திருக்கிறது. இந்த முறை ஒதுக்கி வைப்பதற்காக அல்ல.

193 பேரின் பெயர் எந்த அறிக்கையிலும் இல்லை. நோயாளியின் பெயரை வெளியிடக்கூடாது என்பது மருத்துவ ஒழுங்கு, சரிதான். ஆனால் சானடோரியம் வைத்தவர் பெயர் இருக்கிறது, ஆராய்ச்சி நடத்தியவர்கள் பெயர் இருக்கிறது. வயிற்றைப் புரட்டும் மருந்தை ஒரு வருசம் விழுங்கி, குடிசைக்குள் வந்தவர்களுக்கு மாத்திரையை எண்ணிக் காட்டி, நம்ம இடத்திலேயே நாம் குணமாவோம் என்று நிரூபித்தவர்கள் எண்ணாகத்தான் இருக்கிறார்கள்.

அய்யாவுக்கு 1981இல் சளி சுத்தமாயிற்று. அதற்குப்பிறகு இருபத்திரண்டு வருசம் இருந்தார். பயர் ஆபீசுக்குத் திரும்பப் போகவில்லை. எங்கள் யாருக்கும் நோய் வரவில்லை. அந்த அலுமினிய டம்ளரை அம்மா தூக்கி எறியவில்லை. அரிசிப் பானைக்குள் அளவுக்குக் கிடக்கிறது.