நியூட்ரினோ

நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்தால், தேனி மாவட்டத்துப் பொட்டிபுரத்தின் பெயரோடு சேர்ந்து நம் காதில் விழுந்த சொல் இது. பிறந்த இடம் ரோம் நகரம்.

1930-இல் இயற்பியலாளர் வோல்ஃப்காங் பௌலி, அணுக்கரு எலக்ட்ரானை உமிழும் பீட்டா சிதைவில் கணக்குக்கு வராத ஆற்றலைச் சுமந்து செல்ல, மின்னூட்டமில்லாத ஒரு துகள் இருக்க வேண்டும் என்றார். அவர் அதற்கு வைத்த பெயர் நியூட்ரான். ஆனால் 1932-இல் ஜேம்ஸ் சாட்விக் கண்டுபிடித்த, புரோட்டான் அளவு கனமுள்ள துகளுக்கு அந்தப் பெயர் போய்விட்டது.

இத்தாலிய மொழியில் நியூட்ரானை 'நெயுத்ரோனே' என்பார்கள். அந்த மொழியில் 'ஓனே' என்று முடிந்தால் பெரியது, 'ஈனோ' என்று முடிந்தால் சிறியது. பெரிய நடுநிலையான் ஒன்று இருக்கிறதென்றால், பௌலியுடையது குட்டி நடுநிலையான்தானே? இப்படி விளையாட்டாக 'நெயுத்ரீனோ' என்றவர், ரோமில் இருந்த இயற்பியலாளர் எதுவார்தோ அமால்தி. உடன் பணியாற்றிய என்ரிக்கோ ஃபெர்மி அதை உலகெங்கும் பரப்பினார்.

சொல்லின் வேர் லத்தீன். 'நெ' என்றால் இல்லை, 'உத்தெர்' என்றால் இரண்டில் ஒன்று. நேரும் அல்ல, எதிரும் அல்ல. மின்னூட்டம் அற்ற துகளுக்கு இதைவிடப் பொருத்தமான வேர் கிடைப்பது அரிது.

துகள் நேரடியாகப் பிடிபட்டது 1956-இல்தான். பெயர் அதற்கு 20 ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்தது.