கெல்லி மாளிகையும் கோயில் கூரையில் நிற்கும் துரையும்

எங்கள் வட்டாரத்தில் பள்ளிச் சுற்றுலா என்றாலே கெல்லி மாளிகைதான். பத்து காஜாவுக்கும் கோப்பெங்குக்கும் இடையில், ராயா ஆற்றைத் தாண்டினால் மேட்டில் நிற்கும். பேய் நடமாட்டம், ரகசியச் சுரங்கம் என்று மாணவர்கள் பஸ்ஸிலேயே ஆரம்பித்துவிடுவார்கள். சென்ற முறை நான்காம் படிவ மாணவர்களோடு போனபோது ஒரு பையன் வேறு மாதிரி கேட்டான்: “டீச்சர், இதக் கட்டுனவங்க பேரு என்ன?”

கட்டச் சொன்னவர் பெயர் எல்லாருக்கும் தெரியும். வில்லியம் கெல்லி ஸ்மித், 1870இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். 20 வயதில் மலாயாவுக்கு வந்தார். சாலை போடும் குத்தகை வேலையில் காசு சேர்த்து, காட்டை அழித்து ரப்பர் நட்டார். கிந்தா கெல்லாஸ் தோட்டம் அப்படி உருவானதுதான். அங்கே முதலில் ஒரு வீடு கட்டினார். அது போதவில்லை போலும், 1915இல் இந்த மாளிகையை ஆரம்பித்தார். ஆறு மாடிக் கோபுரம், அதில் மின்தூக்கி என்று பெரிய திட்டம். வளைவுகளைப் பார்த்தால் ஸ்காட்லாந்து ஞாபகம் வராது, நம் ஊர் பழைய ரயில் நிலையங்கள்தான் ஞாபகம் வரும்.

வேலை செய்தவர்கள் சென்னை மாகாணத்திலிருந்து வந்த நம்மவர்கள். செங்கல்லும் பளிங்கும்கூட இந்தியாவிலிருந்து கப்பலில் வந்ததாகச் சொல்வார்கள். தேர்வு எழுதும் பிள்ளைகள் இந்த இடத்தில் கொஞ்சம் கவனிக்க வேண்டும். “ஒப்பந்தக் கூலிகள் கட்டிய மாளிகை” என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். ஒப்பந்தக் கூலிமுறை 1910இலேயே நிறுத்தப்பட்டுவிட்டது. மாளிகை வேலை தொடங்கியது அதற்கு ஐந்து ஆண்டு கழித்து. அந்தக் காலத்தில் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்தது பெரும்பாலும் கங்காணி. தன் ஊருக்கே போய், சொந்தபந்தத்தையும் தெரிந்தவர்களையும் கூட்டி வருவார். ஒரே லயத்தில் ஒரே ஊர்க்காரர்கள் இருந்ததற்கு அதுதான் காரணம்.

1918இல் உலகத்தையே ஆட்டிய ஸ்பானிய விஷக்காய்ச்சல் தோட்டத்துக்கும் வந்தது. ஆட்கள் செத்து விழுந்தார்கள். மாரியம்மனுக்குக் கோயில் வேண்டும் என்று தொழிலாளர்கள் துரையிடம் கேட்க, அவரும் இடம் கொடுத்துக் கட்ட உதவினார் என்பது அங்கே வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. கோயில் இன்றும் மாளிகைக்குச் சற்றுத் தள்ளி இருக்கிறது. நிமிர்ந்து பார்த்தால் கூரையில் சாமி சிலைகளோடு கோட்டும் தொப்பியும் போட்ட ஒரு ஆள் நிற்பார். அது நம்ம துரைதான் என்கிறார்கள். என் மாணவர்கள் முதலில் சிரித்தார்கள், அப்புறம் போன் எடுத்துப் படம் பிடித்தார்கள்.

போர், காய்ச்சல், அதற்குப் பிறகு 1920இல் தொடங்கிய ரப்பர் விலை வீழ்ச்சி, எல்லாம் அடுத்தடுத்து வந்தன. 1926இல் ஸ்மித் லிஸ்பன் நகரில் நிமோனியாவால் இறந்தார். மனைவி ஆக்னஸ் சொத்தை விற்றுவிட்டார். மாளிகை முடியவே இல்லை.

சுரங்கக் கதைகளை நான் தடுப்பதில்லை. ஆனால் கட்டுரையில் எழுதும்போது “மக்கள் நம்பிக்கை” என்று தனியாகக் காட்டச் சொல்வேன். மாளிகையும் கோயிலும் கண்ணெதிரே நிற்கும் சான்று. கோயில் ஏன் வந்தது என்பது வாய்மொழி. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தெரிந்தவன் மதிப்பெண்ணும் வாங்குவான், ஏமாறவும் மாட்டான்.

அந்தப் பையனின் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. திரும்பி வந்து வகுப்புக்கு ஒரு வேலை கொடுத்தேன். தோட்டத்தில் வேலை செய்த மூத்தவர் ஒருவரின் பெயர், தோட்டத்தின் பெயர், செய்த வேலை, இந்த மூன்றையும் வீட்டில் கேட்டு எழுதி வரவேண்டும். சுலபம் என்று நினைத்தேன். பாதிப் பேர் “தாத்தாவோட அப்பா” என்று மட்டும் எழுதி வந்தார்கள், பெயர் தெரியவில்லை. தோட்டம் இருந்த இடத்தில் இப்போது செம்பனை, இல்லையென்றால் வீடமைப்பு. கேட்டுச் சொல்லவும் ஆள் இல்லை.

ஒரு மாணவி மட்டும் இரண்டு பெயர் எழுதியிருந்தாள். பூட்டி பால்மரம் வெட்டியவராம். பெரட்டுக் களத்தில் கூப்பிட்ட பெயர் ஒன்று, வீட்டில் அழைத்த பெயர் இன்னொன்று. “எத டீச்சர் எழுதுறது?” என்று கேட்டாள். இரண்டையும் எழுதச் சொன்னேன்.